டெம்போரல் லோப் வலிப்பும் இடம் புரியாமல் நிற்கிற நிமிடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. கல்லூரியில் படித்த காலத்திலிருந்து டெம்போரல் லோப் வலிப்போடு இருக்கிற, கணக்கு எழுதிப் பிழைக்கிற ஒரு பெண். நரம்பு டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர்கள் கேட்டது, என் வீட்டார் கேட்டது, இதே நோய் உள்ளவர்களின் அம்மா அப்பா போனில் கேட்டது எல்லாவற்றுக்கும் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மருந்தைப் பற்றிச் சொல்லியிருப்பதை வைத்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அந்த ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வலிப்பு என்றால் கீழே விழுந்து கை கால் இழுப்பதுதானே? விழாமலே வருகிற வலிப்பு ஏது?

விழுந்து இழுப்பது ஒரு வகை மட்டும். மூளையில் எந்த இடத்தில் மின்சாரம் தாறுமாறாகிறதோ, அந்த இடம் பார்க்கிற வேலைதான் கெடும். கை காலை அசைக்கிற பகுதியில் கிளம்பினால் கை கால் இழுக்கும். டெம்போரல் லோப் என்கிற மூளைப் பகுதி இருப்பது காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம். நினைவு, பயம், வாசனை, பேச்சைப் புரிந்துகொள்வது, இது பழகின இடமா புது இடமா என்கிற உணர்வு எல்லாம் அங்கேதான். அதனால் அங்கே கிளம்புகிற வலிப்பும் நினைவாக, பயமாக, வாசனையாகத்தான் வரும். பெரியவர்களிடம், மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குகிற வலிப்புகளில் அதிகம் காணப்படுவது இதுதான். சில நேரம் மூளை முழுக்கப் பரவிப் பெரிய வலிப்பாகவும் மாறும். பல வீடுகளில் அப்படி ஒரு நாள் பெரிதாக வந்த பிறகுதான் "ஓ, இது ஃபிட்ஸா" என்று தெரிகிறது. அதற்கு முன் வருஷக்கணக்கில் சின்னச் சின்னதாக வந்து போயிருக்கும், யாரும் அதற்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

பழைய ரிப்போர்ட்டில் காம்ப்ளெக்ஸ் பார்ஷியல் சீஷர் என்று இருக்கும். 2017-இல் பெயரை மாற்றிய பிறகு ஃபோகல் இம்பேர்டு அவேர்னஸ் சீஷர் என்று எழுதினார்கள், 2025-இல் அதில் 'அவேர்னஸ்' என்பதை 'கான்ஷஸ்னஸ்' என்று மாற்றினார்கள். எல்லாம் ஒன்றுதான், புதிதாக வேறு நோய் வந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

வருவதற்கு முன்னால் தெரியுமா? எப்படி இருக்கும்?

பலருக்குத் தெரியும். அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல எழும்பி நெஞ்சு வழியாகத் தொண்டைக்கு ஏறுவது போல இருக்கும். இந்த வலிப்புக்காரர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். அடுத்தது, இப்போது நடப்பது எல்லாம் ஏற்கெனவே அப்படியே நடந்தது என்கிற உணர்வு. எல்லோருக்கும் எப்போதாவது வருகிற லேசான உணர்வு இல்லை இது. எதிரே இருப்பவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்றுகூடத் தெரியும் என்று அடித்துச் சொல்லலாம் போல இருக்கும், ஆனால் சொல்ல வராது. சிலருக்கு இதற்கு நேர் எதிர்: சொந்த வீட்டு நடுக்கூடம் யாருடைய வீடோ போல அந்நியமாகிவிடும். காரணமே இல்லாத பயம் வரும், ரப்பர் எரிகிற நாற்றம் வரும், வாயில் இரும்பு நக்கினாற்போல ஒரு ருசி வரும்.

எனக்கு வயிற்றிலிருந்து ஏறுவதும், அதோடு சேர்ந்து, பக்கத்தில் பேசுகிறவர்களின் குரல் தமிழாகக் கேட்டும் ஒரு சொல்கூடப் புரியாமல் போவதும் உண்டு.

அது வெறும் எச்சரிக்கை மணிதானே, வலிப்பு இல்லையே?

இல்லை, அதுவே வலிப்புதான். மூளையின் சின்ன இடத்தோடு நின்றுபோன வலிப்பு. "இப்போதெல்லாம் ஃபிட்ஸ் வருவதில்லை டாக்டர், அந்த வயிற்று உணர்வு மட்டும் வாரம் ரெண்டு தரம் வருது" என்று சொன்னால், வாரம் இரண்டு வலிப்பு வருகிறது என்று அர்த்தம். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலருக்கு மருந்து அளவு சரியாக அமைவதே இல்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

பேசிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிடுவார். கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ இருக்கும். வாயைச் சப்புக்கொட்டுவார், மெல்லுவது போல அசைப்பார், சேலைத் தலைப்பையோ சட்டைப் பொத்தானையோ விரல்கள் பிசைந்துகொண்டே இருக்கும். எழுந்து நடக்கவும் செய்யலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், ஆனால் அவர் இல்லை. பெரும்பாலும் 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த நேரத்தில் உடம்பு எவ்வளவு தூரம் தானாக வேலை செய்யும் என்பதற்கு 1888-இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் எழுதிய ஒரு குறிப்பு உண்டு. அவருடைய நோயாளி ஒரு டாக்டர், ஆர்தர் தாமஸ் மையர்ஸ். குறிப்பில் பெயரை மறைத்து 'இஸட்' என்று மட்டும் போட்டிருப்பார். மையர்ஸ் நுரையீரல் கோளாறோடு வந்த ஒருவரைப் பரிசோதிக்க ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும்போது தனக்கு வரப்போவது தெரிந்து சற்றுத் திரும்பிக்கொள்கிறார். அடுத்து அவருக்கு நினைவிருப்பது, அதே அறையில் மேஜை முன்னால் உட்கார்ந்து வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பது. நோயாளியைக் காணோம். அப்புறம் போய்த் தேடினால் அவர் படுக்கையில் இருக்கிறார், 'இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா' என்று மையர்ஸின் கையெழுத்திலேயே சீட்டும் இருக்கிறது. நினைவோடு மறுபடி சோதித்துப் பார்த்தார்; அதே முடிவுதான் வந்தது. 1894-இல் அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது டெம்போரல் லோபின் உள்பக்கம் ஒரு சின்னச் சிதைவு இருந்தது.

"நல்லாத்தானே நடந்து போனான், அப்புறம் எப்படி நினைவில்லை என்கிறான்? நடிக்கிறான்" என்று சொல்கிற மாமா சித்தப்பாக்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

வலிப்பு முடிந்த பிறகும் ஏன் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகிறது?

எல்லோரும் முக்கியமாகக் கேட்பது இது. எங்களை அதிகமாக அவமானப்படுத்துவதும் இதுதான், வலிப்பு இல்லை.

டெம்போரல் லோபின் உள்மடிப்பில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி. புது நினைவுகளைப் பதிவதும் அதன் வேலை, 'நான் இப்போது எங்கே இருக்கிறேன்' என்று கணக்கு வைப்பதும் அதன் வேலை. 1971-இல் ஜான் ஓகீஃப் எலிகளின் ஹிப்போகாம்பஸில், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு எலி வந்தால் மட்டும் துடிக்கிற செல்களைக் காட்டினார். 2014-இல் அதற்காக மோசர் தம்பதியோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான டெம்போரல் லோப் வலிப்பு கிளம்புவது இந்த ஹிப்போகாம்பஸிலோ அதைச் சுற்றியோதான். அங்கேயே புயல் அடித்து ஓய்ந்த பிறகு, சில நிமிடங்களுக்கு, சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலேகூட, அந்தக் கணக்கு திரும்ப ஒழுங்குக்கு வராது. வலிப்பு நடந்த நேரம் பதிவாகவே இல்லாததால், படத்தில் நடுவில் ஒரு காட்சியை வெட்டினாற்போல, முந்தைய நொடி ஓர் இடத்தில் இருந்தோம் அடுத்த நொடி வேறு இடத்தில் இருக்கிறோம்.

ஒருமுறை மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றேன். விளக்கு, கூட்டம், மல்லிகைப்பூக் கூடை, 'திருச்சி திருச்சி' என்று கத்துகிற கண்டக்டர் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. எந்த ஊர், ஏன் வந்தேன், காலையா மாலையா என்று மட்டும் தெரியவில்லை. கையில் டிக்கெட் இருந்தது. அதில் எழுத்து இருப்பது தெரிந்தது, படிக்க வரவில்லை. ஒரு டீக்கடை அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு "உக்காரும்மா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முதலில் பெயர்ப்பலகை படிக்க வந்தது, அப்புறம் ஊர் வந்தது, கடைசியாக நான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. அந்த அக்கா செய்ததைவிடச் சிறந்த முதலுதவி எனக்குத் தெரியாது.

வலிப்பு வராத நாட்களிலும் பெயர் மறக்கிறது, தெரிந்த தெருவில் வழி தப்புகிறது. இதுவும் அதுதானா?

பெரும்பாலும் ஆம், ஆனால் காரணம் ஒன்றல்ல. ஹிப்போகாம்பஸில் தழும்பு இருந்தாலே நினைவு கொஞ்சம் ஒழுகும். வழக்கமாக, இடது பக்கம் என்றால் சொல்லும் பெயரும் சிரமம், வலது பக்கம் என்றால் முகமும் வழியும் சிரமம். கோடு போட்டுப் பிரித்தாற்போல இருக்காது. எனக்கு இடது பக்கம், பக்கத்து வீட்டுப் பையனின் பெயரே தொண்டையில் நின்றுவிடும். வலது பக்கம் உள்ள ஒரு தோழி, பத்து வருஷமாகப் போகிற கோயிலின் வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று நின்றுவிடுவாள்.

இரண்டாவது காரணம், தெரியாமல் வந்து போகிற சின்ன வலிப்புகள், அதிலும் தூக்கத்தில் வருபவை. காலையில் எழுந்தால் தலை கனம், நாக்கு ஓரத்தில் கடி, நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று மூட்டமாக இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது காரணம், மாத்திரை. டோபிரமேட் சிலருக்குச் சொல் தேட வைக்கும். ஃபெனிடாயின் அளவு ஏறினால் நடை தள்ளாடும். கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், அதுவே தனியாகக் குழப்பத்தைக் கொண்டுவரும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குழப்பம் திடீரென்று அதிகமானால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் சோடியத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? சாவிக்கொத்து கொடுக்கலாமா?

இரும்பு, சாவி எதுவும் வேண்டாம். வலிப்பு தானாகவே ஒன்றிரண்டு நிமிடத்தில் நிற்கிறது, அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஸ்பூன், துணி, விரல் எதுவும். முழு நினைவு வரும்வரை தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது.

விழாத வலிப்பில் முக்கியமானது, பிடிக்காதீர்கள். குழப்பத்தில் இருப்பவரை நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால் அவர் தள்ளுவார், உதறுவார், சிலர் அடிக்கவும் செய்வார்கள். அது கோபம் இல்லை, அவருக்கு அது நடந்ததே தெரியாது. அடுப்பு, கிணறு, மாடிப்படி, ரோடு இருக்கிற பக்கம் போனால் மட்டும் குறுக்கே நின்று, தோளில் மெதுவாகக் கை வைத்துத் திசை மாற்றுங்கள். மற்றபடி கூடவே நடங்கள். "பயப்படாத, நான் கூட இருக்கேன்" என்று ஒரே வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருங்கள். "நான் யாரு சொல்லு? இது எத்தனை விரல்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். நினைவு திரும்பியதும் நீங்களே சொல்லுங்கள்: இது நம் வீடு, இன்று செவ்வாய், உனக்கு இப்போது ஃபிட்ஸ் வந்து போனது. மணி பார்த்து வையுங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள், டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

எப்போது 108-ஐக் கூப்பிடுவது?

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், தண்ணீரில் வந்தால், தலையில் அடிபட்டால், மூச்சு சரியாக இல்லையென்றால், கர்ப்பிணி அல்லது சர்க்கரை நோயாளி என்றால், வாழ்க்கையில் முதல் தடவை என்றால். அடிக்கடி நீண்டு போகிறவர்களுக்கு மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரேயை வீட்டில் வைத்துக்கொள்ள டாக்டரே எழுதித் தருவார். எப்படி அடிப்பது என்று வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள்.

பேய் பிடித்தது என்கிறார்கள். இன்னொரு டாக்டர் மனப் பதற்றம் என்றார். எதை நம்புவது?

திடீர்ப் பயம், வெறித்த பார்வை, அர்த்தமில்லாத முணுமுணுப்பு, அப்புறம் எதுவும் நினைவில்லை. இந்த நாலும் சேர்ந்தால் நம் ஊரில் வேப்பிலை அடிக்கத்தான் முதலில் கூட்டிப் போகிறார்கள். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை, எங்கள் வீட்டிலும் கயிறு கட்டினார்கள். கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். ஆனால் அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது, தூங்கவிடாமல் உட்கார வைப்பது நிச்சயம் கூடாது, கடைசி இரண்டும் வலிப்பைக் கூட்டவே செய்யும்.

பதற்ற நோயும் இதுவும் குழம்பக்கூடியவைதான், டாக்டர்களுக்கே. பேனிக் அட்டாக் ஏறி இறங்கப் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், நடந்தது எல்லாம் நினைவிருக்கும், கவலை தருகிற சூழ்நிலையில் அதிகம் வரும். டெம்போரல் லோப் வலிப்பு குறுகியது, நேரங்காலம் பார்க்காது, ஒவ்வொரு முறையும் அச்சடித்தாற்போல ஒரே வரிசையில் வரும், நடுவில் கொஞ்சம் நினைவு விட்டுப்போகும். மன அழுத்தத்தால் வலிப்பு போலவே வருவதும் உண்டு, அதுவும் நடிப்பு இல்லை, அதற்கு வேறு சிகிச்சை. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். சந்தேகம் தீரவில்லையென்றால் வீடியோ ஈஈஜி, அதாவது ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து கேமராவும் மூளை அலைப் பதிவும் ஒன்றாக ஓடுகிற பரிசோதனை, வழக்கைத் தீர்க்கும்.

ஈஈஜி நார்மல் என்று வந்துவிட்டது. அப்போ வலிப்பு இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே முதல் ஈஈஜியில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. அரை மணி நேரப் பதிவில் மூளை சும்மா இருந்தால் சும்மாதான் காட்டும். முந்தின ராத்திரி தூக்கத்தைக் குறைத்து, தூங்கவைத்து எடுத்தால் தெரிய வாய்ப்பு அதிகம். அதேபோல சிடி ஸ்கேனில் ஹிப்போகாம்பஸ் தழும்பு பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ, அதுவும் வலிப்புக்கென்று தனி முறையில் எடுத்தால்தான் கண்ணில் படும். பழைய ஃபிலிம்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

எனக்கு ஏன் வந்தது?

சின்ன வயதில் நீண்ட நேரம் நீடித்த காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பாகிறது. காய்ச்சல் வலிப்பு வந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு எதுவும் ஆவதில்லை, அம்மாக்கள் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். தலைக்காயம், மூளைக் காய்ச்சல், காசநோய்க் கட்டி, நாடாப்புழு முட்டையால் வருகிற கட்டி, பிறவியிலேயே உள்ள சின்ன மாற்றம், எப்போதாவது புற்றுக்கட்டி, இவையும் காரணமாகலாம். நாடாப்புழுவுக்குப் பன்றி இறைச்சி சாப்பிட்டிருக்க வேண்டும் என்றில்லை, கழுவாத கீரையும் கை சுத்தமில்லாத சாப்பாடும் போதும். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

வெந்நீரில் தலைக்குக் குளித்தால் மட்டும் வருகிறது. இப்படியும் உண்டா?

உண்டு, அதுவும் நம் தென்னிந்தியாவில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது, குறிப்பாகக் கர்நாடகாவில். பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் பல வருஷமாக இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நல்ல சூடான நீரைச் செம்பு செம்பாக உச்சந்தலையில் வேகமாக ஊற்றிக்கொள்ளும்போது வரும். பலருக்கு இதே டெம்போரல் லோப் வகைதான், வெறித்த பார்வை, புரியாத பேச்சு. சிலர் நிறுத்த முடியாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், குழந்தை விளையாடுகிறது என்று வீட்டில் நினைப்பார்கள். நீரின் சூட்டைக் குறைத்தாலே, தலைக்கு ஊற்றாமல் ஈரத்துண்டால் துடைத்தாலே பலருக்கு நின்றுவிடும். நிற்காதவர்களுக்குக் குளிப்பதற்கு முன் மட்டும் க்ளோபசாம் கொடுக்கிற முறையும் உண்டு. எண்ணெய்க் குளியல் நாட்களில் வெந்நீர் அண்டா பக்கத்தில் தனியாக விடாதீர்கள், வலிப்பைவிடக் கொப்புளம் பெரிய தொல்லை.

வேறு எதெல்லாம் தூண்டிவிடும்?

மாத்திரை விட்டுப்போவதுதான் முதலிடம். அடுத்தது தூக்கம் கெடுவது: ராத்திரி பஸ் பயணம், திருவிழா, கல்யாண வீடு. காய்ச்சல், குடி, சாப்பிடாமல் இருக்கிற விரதம், பெண்களுக்கு மாதவிலக்கையொட்டிய நாட்கள். கடையில் கேட்டு வாங்குகிற மருந்திலும் கவனம் தேவை. டிரமடால் என்கிற வலி மாத்திரையும், சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின் மாதிரி ஆன்டிபயாடிக்கும் வலிப்பை இழுத்து வரலாம். கற்பூரம், யூகலிப்டஸ் தைலத்தை அதிகம் முகர்வதும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாகவே "எனக்கு ஃபிட்ஸ் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

மாத்திரையால் நிற்குமா? எவ்வளவு நாள்?

வலிப்புள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மருந்திலேயே கட்டுப்படுகிறது. தழும்போடு வருகிற டெம்போரல் லோப் வகை கொஞ்சம் பிடிவாதமானது. கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லெவடிரசெடாம், லாமோட்ரிஜின், லாகோசமைட், க்ளோபசாம் ஆகியவைதான் அதிகம் எழுதப்படுபவை. லெவடிரசெடாம் சிலருக்குச் சுள்ளென்று கோபத்தைக் கொண்டுவரும், மனதைச் சோர வைக்கும். "இவ குணமே மாறிப்போச்சு" என்று சொல்வதற்கு முன் மாத்திரையைச் சந்தேகப்படுங்கள். கார்பமசெபினோ லாமோட்ரிஜினோ ஆரம்பித்த வாரங்களில் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்துவது மிக ஆபத்து, நிற்காத தொடர் வலிப்பு வரலாம். கம்பெனி மாற்றி வாங்காதீர்கள், ஒரே பெயரில் வாங்குங்கள், நாலு நாளுக்கு முன்பே வாங்கி வையுங்கள். பழைய மருந்துகள் பல அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன, காசில்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை.

இரண்டு மூன்று மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை. மூளை ஆபரேஷன் என்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். ஆனால் சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லையென்றால், மூன்றாவது நாலாவது மருந்தில் நிற்கிற வாய்ப்பு குறைவு. அந்தக் கட்டத்திலேயே ஆபரேஷனுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். கனடாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில் இந்த வகை நோயாளிகள் 80 பேரில் 40 பேரை ஆபரேஷனுக்கும் 40 பேரை மருந்துக்கும் பிரித்தார்கள். ஒரு வருஷ முடிவில் நினைவு தப்புகிற வலிப்பு இல்லாதவர்கள் ஆபரேஷன் பக்கம் 58 சதவீதம், மருந்துப் பக்கம் 8 சதவீதம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995-லிருந்தே இதைச் செய்கிறார்கள், நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அங்கே போய் வருகிறார்கள்.

ஒரு பக்கம் மட்டும்தான் எடுப்பார்கள். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு இரண்டு பக்கமும் எடுத்ததில் அவர் 2008-இல் இறக்கும்வரை புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனார். நினைவு பற்றி உலகம் கற்ற பாடத்தில் பெரும்பகுதி அவர் கொடுத்தது. இன்று முன்கூட்டியே பேச்சும் நினைவும் எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்கிறார்கள். இடது பக்கம் எடுத்தால் பெயர், சொல் நினைவு கொஞ்சம் குறையலாம். எவ்வளவு குறையும் என்று உங்கள் சோதனை முடிவை வைத்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டிலும் வெளியிலும் என்ன மாற்றிக்கொண்டீர்கள்?

குளியலறைத் தாழ்ப்பாளைப் போடுவதில்லை, கதவில் ஒரு பலகை தொங்கும். வாளியில் மொண்டு குளிப்பதுதான். குளம், கிணறு, கடல் என்றால் தெரிந்தவர் கரையில் இருக்க வேண்டும். சமையலில் பின் அடுப்பை மட்டும் பயன்படுத்துவேன், கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டேன். மொட்டைமாடிச் சுவரோரம் நிற்பதில்லை.

பர்ஸில் ஒரு அட்டை இருக்கிறது: 'எனக்கு வலிப்பு நோய் உண்டு. இப்போது குழப்பமாக இருக்கலாம். குடிக்கவில்லை. உட்கார வைத்துப் பக்கத்தில் இருங்கள், சிறிது நேரத்தில் சரியாகும். சரியாகாவிட்டால் பின்னால் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள்.' போனைத் திறக்காமலே அவசர எண் தெரிகிற மாதிரியும் வைத்திருக்கிறேன். வெளியூர் போனால் எந்த ஊர், எதற்கு, யாரைப் பார்க்க என்று இரண்டு வரி கொட்டை எழுத்தில் டிக்கெட்டோடு மடித்து வைப்பேன், படிக்க வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். வேலை செய்கிற இடத்தில் குறைந்தது ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். மறைப்பதற்குச் செலவாகிற தெம்பு கொஞ்சநஞ்சமில்லை.

வண்டி ஓட்டலாமா?

நம் நாட்டில் உரிமத்துக்கான படிவம் 1-இலேயே வலிப்போ திடீர் நினைவிழப்போ உண்டா என்று கேட்கிறார்கள், உண்டு என்றால் உரிமம் கிடைக்காது என்பதுதான் நிலைமை. பிரிட்டனில் 12 மாதம் வலிப்பில்லாமல் இருந்தால் கார் ஓட்ட விடுகிறார்கள். இங்கேயும் அப்படி ஒரு தெளிவான விதி வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, நினைவு தப்புகிற வலிப்பு இருக்கும்போது ஸ்கூட்டியைக்கூட எடுக்காதீர்கள். பஸ், ஷேர் ஆட்டோ போதும்.

கல்யாணம், குழந்தை?

இரண்டும் உண்டு. வலிப்பைக் காரணம் காட்டி இந்து திருமணச் சட்டத்தில் இருந்த தடையை 1999-இல் நீக்கிவிட்டார்கள். மறைத்துக் கல்யாணம் செய்வதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டும், மறைத்தால் விட்டுப்போகும், விட்டுப்போனால் மாமியார் வீட்டிலேயே வரும்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, கர்ப்பம் ஆவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் என்கிற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் குழந்தைகளில் நூறில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறையும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சி, படிப்புச் சிரமமும் வருகிறது, அதனால் முடிந்தவரை மாற்றித் தருவார்கள். லாமோட்ரிஜின் அளவு கர்ப்பத்தில் ரத்தத்தில் இறங்கும், கூட்ட வேண்டிவரும். கார்பமசெபின் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும். ஃபோலிக் ஆசிட் மறக்காதீர்கள். கர்ப்பம் தெரிந்ததும் பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. பெரும்பாலான பெண்களுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறக்கிறது, தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

மனசு ரொம்பச் சோர்ந்து போகிறது. அது பலவீனமா?

இல்லை. உணர்ச்சியைக் கையாள்கிற அதே பகுதியில்தான் நோய் இருக்கிறது, அதனால் மனச்சோர்வும் பதற்றமும் இந்த வகையில் கூடுதல். வலிப்புக்குச் சிகிச்சை எடுப்பது போலவே இதற்கும் எடுக்க வேண்டும். செத்துப்போகலாம் என்கிற எண்ணம் வந்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் போங்கள். புது மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தூக்கத்தில் இறந்துபோவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அரிதாக நடக்கிறது. பெரியவர்களில் வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் என்று கணக்கு. கட்டுப்படாத பெரிய வலிப்பு, அதுவும் ராத்திரியில் வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும், ராத்திரி அதே அறையில் ஒருவர் படுப்பதும் அந்த ஆபத்தைக் குறைக்கும்.

அப்பாவுக்கு 62 வயது. சில நாள் காலையில் எழுந்ததும் "இன்னிக்கு என்ன கிழமை, எங்க இருக்கோம்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. டிமென்ஷியாவா?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் இன்னொன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிற ஒரு வகை டெம்போரல் லோப் வலிப்பு இப்படித்தான் இருக்கும்: தூங்கி எழும்போது வரும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் நினைவு மட்டும் கலங்கும், நம்மை எல்லாம் அடையாளம் தெரியும், பேச்சும் நடையும் சரியாக இருக்கும், மறுபடி சில வாரத்தில் வரும். கூடவே இல்லாத வாசனை தெரிவது, வாய் சப்புக்கொட்டுவது, போன வருஷம் போய்வந்த ராமேஸ்வரம் பயணமே சுத்தமாக மறந்துபோவது இருந்தால் சந்தேகம் கூடும். குறைந்த அளவு வலிப்பு மாத்திரையிலேயே பெரும்பாலும் நின்றுவிடும் என்பதால் தவறவிடக் கூடாது. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு, பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அப்படி இல்லையென்றால் அடுத்த முறை வரும்போது போனில் எடுத்து, தேதியும் எழுந்த நேரமும் குறித்து, நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய்த் தூக்கத்தோடு ஒரு ஈஈஜி எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.